வீடா, ஊர் வைத்தியசாலையா, மகரகமையா? முற்றிய புற்றுநோயில் பராமரிப்பு இடத்தைத் தெரிவு செய்தல்

புற்றுநோய் உடலின் பல இடங்களுக்கும் பரவிவிட்டது, முழுமையாகக் குணப்படுத்த இனி வழியில்லை என்று வைத்தியர் சொன்ன பின்னர், "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்ற சொல்லோடு கிளினிக்கிலிருந்து திரும்பும் குடும்பங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஏராளம். அந்த வாரத்திலேயே வீட்டுக்குள் கருத்துகள் பிரிகின்றன. மூத்த மகன், கொழும்புக்கு அருகே மகரகமையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு மறுபடியும் கொண்டுபோக வேண்டும் என்கிறார். கட்டாரில் வேலை செய்யும் மருமகன் இந்தியாவுக்குக் கொண்டுபோகக் காசு அனுப்புவதாகச் சொல்கிறார். அயலவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்து முதுகைத் தடவிக் கொடுக்கும் மகளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, நோயாளியிடமும் கேட்பதில்லை. வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தத் தெரிவைப் பற்றியே என்பதால், ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது வைத்தியம் கைவிடப்பட்ட பிறகு கொடுக்கப்படும் ஆறுதல் என்றே பலர் கருதுகின்றனர். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை, புண்ணின் துர்நாற்றம், பயம், குடும்பத்தின் தவிப்பு ஆகிய அனைத்தையும் முறையாகக் கண்டறிந்து குறைக்கும் மருத்துவத் துறை அது. கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கும் காலத்திலும் அதைக் கூடவே பெறலாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளர்கள் 151 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே வழமையான சிகிச்சையோடு இப்பராமரிப்பையும் பெற்றவர்கள் இடைநிலை அளவில் (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாக, பாதிப் பேர் குறைவாக) 11.6 மாதங்கள் வாழ்ந்தனர். வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்கள் வாழ்ந்தனர். முன்னையவர்களிடம் மனச்சோர்வும் குறைவாக இருந்தது; இறுதி வாரங்களில் உடலை வருத்தும் கடுமையான சிகிச்சைகளையும் அவர்கள் குறைவாகவே பெற்றிருந்தனர். எனவே இப்பராமரிப்பைக் கேட்பது நோயாளியைக் கைவிடுவதாகும் என்று எந்த மகனும் மகளும் அஞ்ச வேண்டியதில்லை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

என் பார்வையில் எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு வலி கூடினால், அந்த இடத்தில் அதைக் குறைக்க என்ன மருந்து இருக்கிறது, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் யார்? இதற்கு விடை இல்லாத இடம், எவ்வளவு பெரிய கட்டிடமாக இருந்தாலும், எவ்வளவு பாசமுள்ள வீடாக இருந்தாலும், நோயாளிக்குப் பொருந்தாது.

அடுத்ததாக நோயாளியின் விருப்பத்தை வைக்கிறேன். மூன்றாவது, பராமரிக்கும் கைகள் எத்தனை, அவை எத்தனை வாரம் தாங்கும் என்பது. நான்காவது, மருந்துக் கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதால் இச்செலவு கணக்கில் வருவதே இல்லை. ஆனால் நகையை அடகு வைக்கவும் நுண்கடன் எடுக்கவும் குடும்பங்களைத் தள்ளுவது பெரும்பாலும் அதுவே. ஐந்தாவது, அவசரம் ஏற்பட்டால் கடக்க வேண்டிய தூரமும் பாதையும். வாகரையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நிலத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வசிப்பவருக்கும் கல்முனை நகரில் வசிப்பவருக்கும் ஒரே விடை பொருந்த முடியாது.

| | மகரகமை | மட்டக்களப்பு போதனா | ஊர் வைத்தியசாலை விடுதி | வீடு |
|---|---|---|---|---|
| நோயைச் சுருக்கும் சிகிச்சை | நாட்டிலேயே மிக விரிவானது | புற்றுநோய்ப் பிரிவு உண்டு | பொதுவாக இல்லை | இல்லை |
| இரவு வலிக்கு மருந்து | விடுதியில் இருக்கும்வரை உண்டு | விடுதியில் இருக்கும்வரை உண்டு | முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்ய வேண்டும் | மோர்பினும் (கடும் வலிக்கான மருந்து) பயிற்சியும் இருந்தால் உண்டு |
| உறவினர் அருகில் இருப்பது | ஒருவர், மிஞ்சினால் இருவர் | முறை மாற்றிக்கொள்ளலாம் | எளிது | எப்போதும் |
| மறைந்திருக்கும் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | பணம் குறைவு, உழைப்பு மிக அதிகம் |

## மகரகமை

இங்குள்ள அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலை. சிக்கலான சத்திரசிகிச்சை, குறிப்பிட்ட சில கதிர்வீச்சு முறைகள், சிறுவர் புற்றுநோய், இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அங்கு செல்ல வேண்டியிருக்கலாம். குணமாகும் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னால் தூரத்தைப் பாராமல் போகத்தான் வேண்டும்.

குணமாகும் நோக்கம் முடிந்துவிட்ட பின்னர் கணக்கு மாறுகிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் மேல். அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவருக்குப் புகையிரதமும் இல்லை. முள்ளந்தண்டில் நோய் பரவிய ஒருவர் இரவு பஸ்ஸில் உட்கார்ந்து செல்வது பெரும் வதை. வான் பிடித்தால் வாடகை, ஓட்டுநரின் சாப்பாடு, கூடப் போகிறவர் தங்கும் அறை, இழக்கும் கூலி நாள்கள் என்று ஒவ்வொரு பயணமும் நீள்கிறது. விடுதியில் நோயாளி சொல்வதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வலி எந்த இடத்தில், எந்த மாதிரி என்பதை நுணுக்கமாகச் சொல்ல முடியாமல் போனால் மருந்தின் அளவும் தவறிப்போகும். இன்னொன்றையும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எண்ண வேண்டும்: அங்கு மரணம் நேர்ந்தால், தாமதமின்றி ஜனாஸாவை நல்லடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பமும், ஊரில் கிரியை செய்ய விரும்பும் இந்துக் குடும்பமும் உடலுடன் அந்த நீண்ட பாதையைக் கடக்க வேண்டியிருக்கும்.

ஒரு பயணம் மட்டும் அந்த நிலையிலும் பயன் தரலாம். எலும்பில் பரவிய நோயின் வலிக்கு ஒரே நாளில் கொடுக்கப்படும் ஒற்றைக் கதிர்வீச்சு, பல நாள் தொடரும் கதிர்வீச்சைப் போலவே வலியைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. சிலருக்குப் பின்னர் மறுமுறை தேவைப்படலாம். ஆகவே "பத்து நாள் தங்க எங்களால் இயலாது, ஒரே தடவையில் கொடுக்கும் முறை இவருக்குப் பொருந்துமா?" என்று துணிந்து கேளுங்கள்.

## மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை

கிழக்கில் உள்ள பெரும்பாலான நோயாளிகளுக்குத் தொடர் சிகிச்சையின் மையமாக இருக்க வேண்டிய இடம் இது என்பதே என் முடிவு. புற்றுநோய் வைத்திய நிபுணரின் கிளினிக் இங்கே உண்டு. நோயாளி தன் மொழியிலேயே தன் துன்பத்தைச் சொல்லலாம். மோர்பினுக்கான மருந்துத் துண்டும் இங்கேயே கிடைக்கும். மகரகமையில் சிகிச்சை தொடங்கியவர்கள், தொடர் கவனிப்பை மட்டக்களப்புக்கு மாற்றித் தரும்படி அங்குள்ள வைத்தியரிடம் கடிதம் கேட்கலாம். கேட்டால் வைத்தியர் மனம் கோணுவார் என்று பலர் தயங்குகின்றனர், தயங்க ஒன்றுமில்லை.

இங்கும் செலவு உண்டு. கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே புறப்பட்டு, வரிசையில் மணிக்கணக்காக இருந்து, மாலையில் வீடு திரும்பும் நோயாளி மறுநாள் எழும்ப முடியாமல் கிடப்பார். பொத்துவிலிலிருந்து வருபவருக்கு ஒரு வழித் தூரமே நூறு கிலோமீட்டருக்கு மேல். நடக்க முடியாத நிலை வந்த பின்னர், நோயாளியை வீட்டில் விட்டு, கிளினிக் கொப்பியோடும் வலிக் குறிப்போடும் உறவினர் மட்டும் வந்து மருந்து எடுக்கலாமா என்று கேட்டு அனுமதி பெறுவது நல்லது.

## ஊர் வைத்தியசாலை

வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை வடக்கு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய இடங்களில் உள்ள ஆதார வைத்தியசாலைகளும், அவற்றிலும் சிறிய பிரதேச வைத்தியசாலைகளும் குடும்பங்களின் கணக்கில் மிகக் குறைவாக மதிக்கப்படுகின்றன. "அங்கே புற்றுநோய் டொக்டர் இல்லையே" என்று தள்ளிவிடுகிறார்கள். வயிற்று நீரை எடுத்தல், சிறுநீர்க் குழாய் போடுதல், புண் கட்டுதல், வாந்திக்கும் வலிக்கும் தோலின் கீழ் ஊசி கொடுத்தல், பராமரிப்பவர் களைத்துப்போகும்போது நோயாளியை இரண்டு நாள் வைத்துக் கவனித்தல் ஆகிய எதற்கும் புற்றுநோய் நிபுணர் அவசியமில்லை. உறவினர்கள் முறை மாற்றி நிற்கலாம். வீட்டுக் கஞ்சியைச் சூடாகக் கொண்டுபோகலாம்.

குறை எங்கே என்றால், மோர்பின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் எல்லாச் சிறு வைத்தியசாலைகளிலும் எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நோயாளியின் முழு விபரமும் தெரியாத இரவு நேர வைத்தியர், பாதுகாப்புக் கருதி அம்புலன்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ அனுப்பிவிடுவதும் உண்டு. இறுதி நாள்களில் இப்படி அலைக்கழிவது மிகப் பெரிய துன்பம். அதைத் தவிர்க்க, அவசரம் வருவதற்கு முன்பே பகல் வேளையில் ஊர் வைத்தியசாலையின் பொறுப்பு வைத்தியரைச் சந்தித்து, நோயின் நிலை, கொடுக்கப்படும் மருந்து, குடும்பத்தின் விருப்பம் ஆகியவற்றைச் சொல்லிவைப்பதும், நிபுணரின் கடிதத்தின் பிரதி ஒன்றை ஒப்படைப்பதும் நல்லது.

## வீடு

அதிகம் விரும்பப்படுவதும், ஆயத்தமின்றி இறங்கினால் அதிகம் துன்பம் தருவதும் வீடுதான். கிழக்கில் வீட்டை மகளுக்குக் கொடுத்துப் பெற்றோர் அவளோடு வாழ்வது வழக்கம் என்பதால், பராமரிப்பின் முழுப் பாரமும் பெரும்பாலும் ஒரு மகளின் தலையில் விழுகிறது. அதே வழக்கத்தில் ஒரு வசதியும் இருக்கிறது: அக்கா, தங்கையின் வீடுகள் பல இடங்களில் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கின்றன. யார் எந்த இரவு விழித்திருப்பது, யார் கிளினிக் போவது என்று முதல் நாளே பிரித்துக்கொண்டால் அந்தப் பாரம் தாங்கக்கூடியதாகும். தொலைவில் இருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. காசு அனுப்புவதோடு நின்றுவிடாமல், வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் விடுமுறையைச் சடங்குக்காக வைத்துக்கொள்ளாது, தகப்பன் பேசும் நிலையில் இருக்கும்போதே வந்துவிடுவது மேல்.

வீட்டுப் பராமரிப்பு வெற்றி பெறுவதும் தோற்பதும் மோர்பினைப் பொறுத்தே இருக்கிறது என்று சொல்லலாம். புற்றுநோய் வலிக்கு மருந்தைப் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டது. பனடோல் போன்றவற்றில் தொடங்கி, கடும் வலிக்கு வாய்வழி மோர்பினில் அது முடிகிறது. "மோர்பின் தொடங்கினால் கதை முடிந்தது" என்ற அச்சத்தால், கையில் இருக்கும் மருந்தைக் கொடுக்காமல் ஒளித்துவைக்கும் குடும்பங்கள் இருப்பது மிகவும் வேதனைக்குரியது. சிறிய அளவில் தொடங்கி வலிக்கேற்ப உயர்த்தினால் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை; வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. முதல் சில நாள்களில் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. ஆகவே மோர்பினோடு மலமிளக்கியையும் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். வலி வந்த பின்னர் கொடுப்பதைவிட, குறித்த நேரத்தில் தவறாமல் கொடுப்பது முக்கியம்: சாதாரண மோர்பின் பொதுவாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, மெதுவாக வெளியேறும் குளிசை பொதுவாகப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. இடையில் வலி கிளம்பினால் கொடுக்க வேண்டிய மேலதிக அளவையும் வைத்தியரிடம் எழுதி வாங்க வேண்டும். மெதுவாக வெளியேறும் குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது; பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவு மாறும் என்பதால் வைத்தியரிடம் சொல்லாமல் கூட்டவும் கூடாது.

மற்றவை கற்றுக்கொள்ளக்கூடியவையே. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தல், வாயை ஈரத் துணியால் துடைத்தல், மூச்சு வாங்கும்போது நிமிர்த்தி இருத்தி முகத்தில் படும்படி மின்விசிறி வைத்தல் ஆகியவற்றை விடுதித் தாதியிடம் ஒரு மணி நேரத்தில் பழகலாம். வாய்ப் புற்றுநோயிலும் மார்புப் புற்றுநோயிலும் வெளியே வெடித்த புண்ணின் நாற்றத்தால் நோயாளி யாரையும் பக்கத்தில் வரவிடாமல் ஒதுங்கிப்போவார். மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கிப் புண்ணில் இடும் எளிய முறை அந்த நாற்றத்தை வெகுவாகக் குறைக்கும் என்பதால், வைத்தியரிடம் கேட்டு அதைச் செய்யலாம். சாப்பாடு இறங்காமல் போவது நோயின் போக்கு. வற்புறுத்தி ஊட்டுவதும், கடைசி நாள்களில் சேலைன் ஏற்றச் சொல்லிப் பிடிவாதம் செய்வதும் உடலில் நீர் தேங்கி மூச்சை அடைக்கக் காரணமாகலாம்.

வீட்டுக்கு எதிரான காரணங்களையும் மறைக்கக் கூடாது. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தில் இரவில் யானைப் பயம். வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகும், கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் உள்வீதிகள் துண்டிக்கப்படுகின்றன. மழைக்காலத்துக்கு முன்னர் கூடுதல் நாள்களுக்கான மருந்தைக் கேட்டு வாங்குவது அங்குள்ளவர்களுக்கு மிகவும் அவசியம். தனியாக இருக்கும் கணவனோ மனைவியோ தானும் நோயாளி என்றால், பராமரிக்க வேண்டிய பெண் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்தால், வீடு என்ற தெரிவு பெயரளவில் மட்டுமே இருக்கும். வீட்டில் மரணம் நேர்ந்தால் பொலிஸ் பிரச்சினை வரும் என்ற பயமும் பலருக்கு உண்டு. நோயால் நேரும் இயற்கை மரணத்தைக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து அவருடைய அறிக்கையுடன் பதிவாளரிடம் பதியலாம். கிளினிக் கொப்பியும் நோய் விபர அட்டையும் பத்திரமாக இருந்தால் இது சிக்கலாவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் சில வைத்தியர்களும் தொண்டர்களும் தொடங்கிய சிறு முயற்சி, அயலவர்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்லும் வலையமைப்பாக வளர்ந்து, 2008இல் அந்த மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. நம் ஊர்களில் மரணாதார சங்கங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயில் பரிபாலன சபைகளும் இறப்பு வீட்டுக்குக் கதிரையும் கொட்டகையும் தந்து உதவுகின்றன. சாய்த்து உயர்த்தும் கட்டில் ஒன்று, காற்று மெத்தை ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று ஆகியவற்றை வாங்கி, உயிரோடு இருக்கும்போதே இரவல் கொடுக்க அதே சங்கங்கள் முன்வந்தால் எத்தனையோ மகள்மாரின் முதுகு தப்பும்.

## இந்தியாவும் பராமரிப்பு இல்லமும்

இந்தியப் பயணம் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. இங்கு கிடைக்காத குறிப்பிட்ட ஒரு சிகிச்சை அங்கு உண்டு, அது இந்த நோயாளிக்குப் பயன்படும் என்று இங்குள்ள நிபுணரே சொன்னால் மட்டும் அதை எண்ணலாம். அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் முதலில் அனுப்பி அபிப்பிராயம் கேட்டால், பல குடும்பங்களுக்கு விமானச் சீட்டும் காணி விற்பனையும் தேவைப்படாமல் போகும். மோர்பினை நாடு கடந்து எடுத்துச் செல்ல முன்அனுமதி தேவை என்பதை மறந்து புறப்பட்டு, வழியில் வலியோடு தவிப்பதும் நேர்கிறது.

இறுதிக் காலப் பராமரிப்பு இல்லங்களில் அதிகம் அறியப்பட்டது, இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் மகரகமையில் நடத்தும் சாந்த செவன. பார்க்க ஒருவருமில்லாத நோயாளிக்கு இத்தகைய இல்லம் பேருதவி. பிள்ளைகள் கிழக்கில் இருக்கும் ஒருவருக்கு அந்தத் தூரமே பெருங்குறை.

## எப்போது எது

கல்முனை, களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு நகர்ப் பகுதிகளில் வசிக்கும், இரண்டு பேராவது மாறி மாறிப் பார்க்கக்கூடிய குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது கலப்பு வழியை: இருப்பிடம் வீடு, மருந்தும் ஆலோசனையும் மட்டக்களப்பு கிளினிக்கிலிருந்து, இடைப்பட்ட தொல்லைகளுக்கு ஊர் வைத்தியசாலை. 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு மூலோபாயமும் வைத்தியசாலையிலிருந்து சமூகம் வரை தொடரும் பராமரிப்பையே வலியுறுத்தியது. படுவான்கரையின் உட்கிராமத்தில், ஒற்றைப் பராமரிப்பாளரோடு இருப்பவருக்கு, இறுதி வாரங்களில் ஊர் வைத்தியசாலை விடுதியோ, நகரத்தில் உள்ள உறவினர் வீடோ மேலானது.

எந்த வழியைத் தெரிந்தாலும் சில அறிகுறிகள் தெரிவை உடனே மாற்றிவிடும். புதிதாக முதுகு வலியோடு கால்கள் பலமிழப்பதும் சிறுநீர் போகாமல் அடைபடுவதும் முள்ளந்தண்டு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம்; அன்றே வைத்தியசாலைக்குச் சென்றால் நடக்கும் ஆற்றலைக் காக்க வாய்ப்புண்டு, நாள் கடந்தால் அது மீளாது. கீமோ பெற்ற இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், நிற்காத இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. இவற்றுக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா என்பதே இத்தெரிவுகளுக்கெல்லாம் கீழே கிடக்கும் கேள்வி. மறைப்பது அன்பினால்தான் என்பதை நான் அறிவேன். ஆயினும் பெரும்பாலான நோயாளிகள் வீட்டாரின் முகத்திலிருந்தே அறிந்துகொண்டு, வீட்டார் மனம் நோகும் என்று தாமும் மறைக்கிறார்கள்; இரு தரப்பும் தனித்தனியே அழுகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டத் தேவையில்லை. "வாப்பா, உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?" என்றோ, "அம்மா, உங்கட நோயப் பத்தி டொக்டர் சொன்னதக் கேக்க விருப்பமா?" என்றோ கேட்டு, அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவு சொன்னால் போதும். காணி உறுதி எழுதுவது, கடனைத் தீர்ப்பது, கோபித்துப் பிரிந்த தம்பியைக் கூப்பிடுவது என்று அவர் செய்ய நினைத்திருக்கும் காரியங்கள் அப்போதுதான் வெளியே வரும்; அவற்றுக்குத் தெளிந்த மனம் வேண்டும் என்பதால் மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியரோடு பேசி அதற்கேற்ப அமைக்கலாம்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன்னர் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள்: நேர மருந்தும் இடை மருந்தும் எவ்வளவு, விழுங்க முடியாமல் போனால் மாற்று வழி என்ன, மோர்பின் தீர்ந்தால் அருகில் எங்கே கிடைக்கும், இரவில் யாரை அழைப்பது, ஊர் வைத்தியசாலைக்கான கடிதம் எப்போது கிடைக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் எவரும் அப்பகுதியில் உள்ளாரா. பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் நோய் உதவிக் கொடுப்பனவு பற்றியும், ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பம் பற்றியும் அதே வாரத்தில் விசாரியுங்கள். இவை கைக்கு வரக் காலம் எடுக்கும் என்பதால், நோயாளி நடமாடும் நிலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.